குற்றாலச் சீசனும் பங்கு ஆய்வாளர் பணியும்

பன்னிரண்டாம் வகுப்பில் விகிதப் பகுப்பாய்வு நடத்தும்போது, "இதைப் படித்தால் என்ன வேலை சார்?" என்ற கேள்வி தென்காசிப் பக்கத்து மாணவர்களிடமிருந்து ஆண்டுதோறும் வருகிறது. சி.ஏ., வங்கித் தேர்வு ஆகியவற்றோடு பங்கு ஆய்வாளர் பணியையும் நான் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுபவரே ஆய்வாளர். செபியின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இவர் என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் 15ஆம் தொடர்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும். மதிப்பெண் 100, தேர்ச்சிக்கு 60. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும். சான்றிதழ் மட்டும் போதாது, பட்டப்படிப்பும் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வேலையின் தன்மையை விளக்கக் குற்றாலமே போதும். சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஒரு விடுதியின் ஜூலை வரவை மார்ச் வரவோடு ஒப்பிட்டால் தொழில் கொடிகட்டிப் பறப்பதாகத் தோன்றும். சென்ற ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அருவிக்கரையில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துவிடும். அடுத்த கேள்விகளையும் அவர்களே கேட்பார்கள்: வரவு கூடியது கூட்டத்தாலா, அறை வாடகை உயர்வாலா? வெள்ளப்பெருக்கில் குளிக்கத் தடை போட்ட நாட்கள் எத்தனை? ஆய்வாளர் கேட்பதும் இவைதான். செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பியிருக்கும் காற்றாலைக்கும் இதே கணக்குதான்.

சான்றிதழுக்குப் பின் பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவில் உதவியாளராகச் சேரலாம். தொடக்கத்தில் எக்செல் தாளில் எண்களை நிரப்புவதே பெரும்பங்கு. பரஸ்பர நிதி, காப்பீட்டு நிறுவனங்களுக்கும், கிரிசில், இக்ரா போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதே திறன் தேவை. இவ்வேலைகள் மும்பையில் மிகுதி, சென்னையில் ஓரளவு. தென்காசியில் எதிர்பார்க்க முடியாது. வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் இதை மறைக்கக்கூடாது. ஊரிலிருந்தே செய்ய விரும்புவோருக்குத் தனிப்பதிவு என்ற வழி உண்டு. 2024 டிசம்பர் திருத்தத்தில் முன்அனுபவக் கட்டாயம் நீக்கப்பட்டது. 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை காட்டினால் போதும். ஆனால் பெயர் எடுக்காதவரிடம் கட்டணம் கொடுத்து யார் அறிக்கை வாங்குவார்? சில ஆண்டு நிறுவன வேலைக்குப் பிறகு வருவதே சரி என்பது என் கருத்து.

டெலிகிராமில் 'நாளை ஏறும் பங்கு' சொல்பவர்களை மாணவர்கள் ஆய்வாளர் என்றே நினைக்கிறார்கள். பதிவு பெற்ற ஆய்வாளருக்கு ஐ.என்.எச். என்று தொடங்கும் எண் இருக்கும். செபி இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அறிக்கை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து, வெளியான 5 நாள் வரை ஆய்வாளர் அந்தப் பங்கைத் தனக்காக வாங்கவோ விற்கவோ கூடாது. இந்த விதியைச் சொன்னாலே வகுப்பில் நல்ல விவாதம் கிளம்பும்.

பயிற்சிக்கு, தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு 2022இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் ஆண்டறிக்கையை இறக்கிக் கொடுக்கலாம். சரக்கிருப்புச் சுழற்சி விகிதத்தைத் தேடிவிட்டு, "வங்கியில் சரக்கே இல்லையே" என்று மாணவர் வருவார்கள். அப்போது வாராக்கடன் விகிதத்தை அறிமுகப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.