கணினிப் பாடம்: பட்டியலில் இல்லாத தொழிலை எங்கே எழுதுவது?



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கிய காலத்தில் எல்லாக் கணக்கும் நோட்டில்தான். 2015-ல் நபார்டு வங்கி ‘இ-சக்தி’ திட்டத்தைத் தொடங்கி, பல மாவட்டங்களில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றியது. நோட்டில் நமக்குத் தோன்றியபடி எழுதலாம். கணினியில் ஒரு சின்னக் கட்டம் நம் கடனையே இடம் மாற்றிவிடும். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

காம்போ பாக்ஸ் என்றால் என்ன?

கணினித் திரையில் சில கட்டங்களின் ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் விரியும். அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், கட்டத்துக்குள் நாமே எழுதவும் செய்யலாம். இதுதான் காம்போ பாக்ஸ். பட்டியலில் இல்லாத ஒன்றை எழுதினால் கணினி ஏற்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா? இதுதான் கேள்வி.

எதை எழுதினாலும் ஏற்றால்?

நான் முன்பு வேலை பார்த்த பகுதியில், ‘கடன் நோக்கம்’ என்ற கட்டத்தில் யார் எதை எழுதினாலும் கணினி ஏற்றுக்கொண்டது. ஒருவர் ‘கறவை மாடு’ என்று எழுதினார். இன்னொருவர் இடைவெளி விடாமல் ‘கறவைமாடு’ என்றார். மூன்றாமவர் ‘பசு மாடு’ என்றார். நமக்கு எல்லாம் ஒன்றுதான். கணினியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். நடுவில் ஒரு இடைவெளி கூடினாலும் அதற்கு வேறு தொழில்தான். பால் சங்கம் கேட்டு மனுப் போட மாடு வாங்கியவர்களைக் கணக்கெடுத்தோம். கணினி காட்டியது 9 பேர். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் 30-க்கும் மேல்!

எதையும் ஏற்காவிட்டால்?

உடனே பட்டியலை மூடிவிட்டோம். பிறகு ஒரு அக்கா தேனீ வளர்க்கக் கடன் வாங்கினார். பட்டியலில் தேனீ இல்லை. பதிவு செய்த பெண் என்ன செய்வாள்? ‘ஆடு வளர்ப்பு’ என்று போட்டுவிட்டாள். தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் பெயர் எடுத்தபோது அக்காவின் பெயர் வரவில்லை. “நான் பெட்டி வச்சு தேன் எடுக்கிறது ஊருக்கே தெரியும். உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியலையா மேடம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் எது சரி?

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே விதி சரிவராது. மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும்.

1. மூடிய பட்டியல்: ஊராட்சி, வங்கிக் கிளை, குழுவின் பெயர். இவை தினமும் மாறாது. தேர்ந்தெடுக்க மட்டும்தான் முடிய வேண்டும்.

2. கேட்டுச் சேர்க்கும் பட்டியல்: கடன் நோக்கம், தொழில். புதுத் தொழில் வந்துகொண்டே இருக்கும். புதிதாக எழுதினால் கணினி முதலில் அதைப் போன்ற பெயர்களைக் காட்ட வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால், “இது பட்டியலில் இல்லை, சேர்க்கலாமா?” என்று கேட்க வேண்டும். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்ததும் அது பட்டியலில் நிலையாகச் சேரும். அதுவரை கடன் பதிவு நிற்கக் கூடாது.

3. பட்டியலே வேண்டாத கட்டம்: குறைகள், கூட்டத்தில் பேசியது, குறிப்பு. இவற்றை அவரவர் சொல்லிலேயே எழுத விட வேண்டும்.

இது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. உதாரணமாக, ‘மைக்ரோசாப்ட் ஆக்சஸ்’ மென்பொருளில் ‘லிமிட் டு லிஸ்ட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ‘யெஸ்’ என்று வைத்தால் பட்டியலில் இல்லாததை ஏற்காது. அப்போது என்ன கேட்க வேண்டும் என்பதையும் மென்பொருள் செய்பவர் எழுதி வைக்கலாம். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

‘இதர’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேனீயும் இதர, தையலும் இதர, டீக்கடையும் இதர என்றால் யார் என்ன தொழில் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ‘இதர’ போட்டால் பக்கத்தில் என்ன தொழில் என்றும் எழுத வேண்டும்.

இன்னொன்று, பல காம்போ பாக்ஸ்கள் முதல் சில எழுத்தை அடித்ததுமே மீதியைத் தானாக நிரப்பும். ‘செல்வி’ என்று அடிக்கும்போது ‘செல்வியம்மாள்’ வந்து நிற்கலாம். பார்க்காமல் என்டர் தட்டினால் ஒருவர் கட்டிய தவணை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். அதனால் பெயரோடு உறுப்பினர் எண்ணும், கணவர் அல்லது தகப்பனார் பெயரும் திரையில் தெரிய வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்யுங்கள்

• உங்கள் குழுவின் கணினிப் பதிவை அச்செடுத்து வரும்படி கணக்காளரிடம் கேளுங்கள்.
• ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும், கடன் நோக்கத்தையும் சத்தமாக வாசியுங்கள். கடன் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள்.
• தவறு இருந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.
• பட்டியலில் இல்லாத தொழில் செய்பவர் யார் யார்? பெயரையும் தொழிலையும் தனியே எழுதிக் கொடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத சகோதரியும் “என் தொழிலை எப்படிப் போட்டிருக்கீங்க, வாசிச்சுக் காட்டுங்க” என்று கேட்கலாம். கேட்பது அவர் உரிமை.