இன்ஸ்டால் செஞ்ச பிறகு யாரைக் கேட்கிறது?

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுது. அப்பாவோட பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடலாமா? போடலாம். முதல்ல யூஎஸ்பியில் இருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு மூணும் சரின்னா, பேக்கப் எடுத்துட்டு நிறுவுங்க.

ஆனா அடுத்த மாசம் பிரிண்டர் மக்கர் பண்ணினா அப்பா யாரைக் கேட்பார்? பயனர் குழுக்கள் இதுக்குத்தான். சென்னைக் குழு பல வருஷம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடியது. யூஎஸ்பி விநியோகத்தைவிட இந்த மாறாத தேதிதான் லினக்ஸைப் பரப்பும் என்பேன். காஞ்சிபுரம் குழு ஞாயிறுதோறும் ஆன்லைனில் தமிழிலேயே பேசுது; அவங்க மாலை, இங்கே ஷோனெஃபெல்டில் மதியம். தமிழ் திக்கினாலும் பரவாயில்லை, கேளுங்க. டிஸ்ட்ரோ பெயர், பதிப்பு எண், திரையில் வந்த எரர் மூணையும் எழுதி வெச்சுக்கோங்க.