நிலவரியும் நிலத்தின் கிரயமும்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பது கூக்கால் கிராமம். அங்குள்ள குடியானவர்கள் சரிவுகளைப் படிப்படியாகத் திருத்திப் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வருகின்றனர். இத்தகைய மலைக் கிராமத்தில், திருத்திய நிலத்திற்கு அடுத்தாற்போல், விலை ஏறட்டும் என்று வாங்கித் தரிசாக விட்ட நிலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இவ்விரண்டிற்கும் எவ்விதம் வரி விதிப்பது நியாயம்? வரியை உயர்த்தினால் அப்பாரம் யாரைச் சேரும்?

இவ்வழக்கு புதிதன்று. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறையில், 1864-ஆம் வருஷம் முதல், சாகுபடிச் செலவு போக நிற்கும் நிகர விளைவில் பாதிக்கு மேற்படாமல் தீர்வை விதிப்பது என்றும், அதனை 30 வருஷங்களுக்கு மாற்றுவதில்லை என்றும் விதி ஏற்பட்டது. தவணை முடிந்ததும் வரி எவ்வளவு உயருமோ என்ற அச்சத்தால் நிலத்தில் முதல் போடுவதற்கு ஜனங்கள் தயங்குகிறார்கள் என்று ரொமேஷ் சந்திர தத்தர் 1900-ல் கர்ஸன் பிரபுவுக்கு எழுதிய கடிதங்களில் வாதித்தார். தீர்வை மிதமானதே என்று 1902-ல் சர்க்கார் மறுமொழி கூறிற்று. பின்னாளில் மறுசெட்டில்மெண்டு முறையே கைவிடப்பட்டது. இன்று நிலவரி சிறு தொகையாகவே நிற்க, மலைநிலங்களின் விலையோ பன்மடங்கு ஏறிவிட்டது. ஆகையால், விலைக்குத் தக்கபடி வரி விதிக்க வேண்டும் என்போரும் உளர்.

வரிக்கும் கிரயத்திற்கும் உள்ள சம்பந்தத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு நிலம் செலவு போக வருஷத்திற்கு ரூ. 10,000 தருகிறது. நூற்றுக்கு 5 வீதம் ஆதாயம் கருதுகிறவர் அதற்கு ரூ. 2,00,000 கொடுப்பார். வருஷந்தோறும் ரூ. 2,000 வரி புதிதாக ஏற்பட்டால், மிச்சம் ரூ. 8,000, கிரயமும் ரூ. 1,60,000 ஆகிவிடும். இந்த ரூ. 40,000 நஷ்டம் அன்றைய பட்டாதாரரையே சேரும்; பின்னர் வாங்குகிறவர் வரியைக் கழித்துக்கொண்டே விலை பேசுவார். எனவே, திடீரென்று உயர்த்தப்படும் வரி, கடன் வாங்கி நேற்று நிலம் வாங்கியவரையும், நிலத்தை ஈடுகாட்டிக் கடன் பெறும் பரம்பரைக் குடியானவரையும் ஒருங்கே வருத்தும்.

கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. வெறும் நிலத்தின்மேல் வரி விதிப்பதால் நிலம் குறைந்துவிடாது. கிணற்றின்மேலும் கல்வரப்பின்மேலும் வரி விதித்தால், அவற்றை அமைப்பார் குறைந்துவிடுவர். குடியானவர் தம் சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகப் புன்செய்த் தீர்வையை உயர்த்துவதில்லை என்ற பழைய சென்னை விதி இதனை உணர்ந்து செய்யப்பட்டதே. நியூஸிலாந்திலும் 1896-ஆம் வருஷத்துச் சட்டம், திருத்தங்களை நீக்கி நிலமதிப்பின்மேல் மட்டும் வரி விதிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இடமளித்தது.

ஆயினும், சந்தை விலையையே எல்லா நிலத்திற்கும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஜப்பானில் 1873-ல் நிலமதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் பணமாகவே வரி விதித்தனர். விளைவு குன்றிய வருஷத்திலும் அது குறையவில்லை. கிளர்ச்சிகள் எழுந்தபின் 1877-ல் 2½ வீதமாயிற்று. கூக்கால் போன்ற ஊர்களில், பங்களா கட்ட விரும்புவோரின் போட்டியால் விலை ஏறினால், பூண்டு பயிரிடுகிறவருக்கு அதனால் ஒரு மூட்டையும் அதிகமாக விளையப் போவதில்லை. அவ்விலைக்குத் தக்கபடி வரி கேட்பின், அவர் நிலத்தை விற்றே வரி செலுத்த நேரிடும்.

ஆதலால், சாகுபடியிலுள்ள நிலத்திற்கு மண்ணின் தரத்தையும் விளைவையும் கொண்டும், லாபம் கருதித் தரிசாக வைத்திருப்பதற்கும் மனையாக மாற்றியதற்கும் விலையைக் கொண்டும் வரி விதிப்பதே பொருத்தமாகும். எந்த உயர்வும் முன்னறிவிப்புடன் சிறுகச் சிறுக வருதல் வேண்டும்.

இப்பாகுபாட்டிற்கு ஆதாரம் கிராமக் கணக்கே. சாகுபடியையும் தரிசையும் நேரில் பார்த்து அடங்கலில் பதிவது கிராம அதிகாரிகளின் கடமை. பட்டாதாரர்கள் கிணறு, கல்வரப்பு முதலியவற்றிற்குத் தாம் செய்த செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவார்களாக. பயிர் செய்த நிலம் கணக்கில் தரிசு என்றிருந்தால், உழைத்தவரும் உழையாதவரும் ஒன்றாகவே எண்ணப்படுவர்.