பம்புசெட்டின் வேகக் கட்டுப்பாடும் மோட்டார் பாதுகாப்பும்

கிணற்றில் நீர் இருந்தும், மோட்டார் எரிந்துபோனதால் பயிர் வாடும் நிலை பல ஊர்களில் காணப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டி, மீண்டும் இறக்குவதற்குள் பூக்கும் தருணத்திலுள்ள பயிருக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு ஏற்பட்டுவிடும். தேவையான அளவு நீரை மட்டும் இறைக்கவும், மோட்டாரைப் பழுதின்றிக் காக்கவும் இன்று பல கருவிகள் கிடைக்கின்றன. அவற்றுள் எது யாருக்குத் தேவை என்பதை அறிந்து வாங்குவது அவசியம்.

தானே திருத்திக்கொள்ளும் முறை

ஆயில் எஞ்சினில் உள்ள கவர்னரை உழவர்கள் நன்கு அறிவர். பாரம் கூடி எஞ்சினின் வேகம் குறைந்தால், கவர்னர் கூடுதல் டீசலைச் செலுத்தி வேகத்தை நிலைநிறுத்துகிறது. பாரம் குறைந்தால் டீசலைக் குறைக்கிறது. வேகத்தை அளப்பது, தேவையான வேகத்துடன் ஒப்பிடுவது, வேறுபாட்டைத் திருத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் அது இடைவிடாது செய்கிறது.

ஆலைகளில் பயன்படும் சர்வோ மோட்டாரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. மோட்டாரின் அச்சு எவ்வளவு சுழன்றது என்பதை ஓர் உணரி அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுக் கருவி உடனுக்குடன் திருத்துகிறது. மருந்து, சாயம் போன்றவற்றைச் சொட்டுக் கணக்கில் அளந்து செலுத்தும் பம்புகளுக்கு இத்தகைய நுட்பம் தேவை. பாசனப் பம்புக்கு இவ்வளவு நுட்பமும் செலவும் தேவையில்லை. சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டாருடன் மாறுவேகக் கருவி ஒன்றை இணைத்தாலே போதுமானது. இதனை வி.எஃப்.டி. என்று கடைகளில் அழைப்பர்.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்?

நமக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகும். மாறுவேகக் கருவி இந்த அதிர்வெண்ணையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறைத்து, மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறது. மையவிலக்கு பம்பின் வேகம் மாறும்போது, நீரின் அளவு அதே விகிதத்தில் மாறும். நீரை உயர்த்தும் திறன் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், தேவைப்படும் சக்தி மும்மடிப் பெருக்கமாகவும் மாறும். அதாவது:

வேகம் 90 சதம்: நீர் 90, உயர்த்தும் திறன் 81, சக்தி 73 சதம்.
வேகம் 80 சதம்: நீர் 80, உயர்த்தும் திறன் 64, சக்தி 51 சதம்.

இக்கணக்கைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தால் பாதி மின்சாரம் மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆழமான கிணறுகளில் இது பொருந்தாது. வால்வை மூடிய நிலையில் 75 மீட்டர் உயரத்திற்கான அழுத்தம் தரும் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேகத்தை 80 சதமாகக் குறைத்தால் அதன் திறன் 48 மீட்டராகிவிடும். கிணற்றில் நீர்மட்டம் 50 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஒரு சொட்டு நீரும் மேலே வராது. மோட்டார் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் நீரால்தான் குளிர்கிறது. நீரோட்டம் நின்றால் சூடேறிப் பழுதாகும். எனவே ஆழ்துளைக் கிணற்று உழவர்கள், எந்த வேகம் வரை நீர் வருகிறது என்று சோதித்து அறிந்து, அதற்கும் கீழே குறையாதபடி கருவியில் வரம்பு வைத்துவிட வேண்டும். பொதுவாக நீர்மூழ்கி மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடர்ந்து ஓட்டலாகாது.

சொட்டுநீர்ப் பாசனத்தில் பயன்

மாறுவேகக் கருவியின் உண்மையான பயன் சொட்டுநீர்ப் பாசனத்தில் தெரியும். சொட்டுவான்களுக்குப் பொதுவாகச் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அளவு அழுத்தம் தேவை. தோட்டத்தில் நான்கு பகுதிகளில் ஒன்றை மட்டும் திறக்கும்போது அழுத்தம் கூடி, குழாய் இணைப்புகள் கழன்றுவிடுகின்றன. அழுத்த உணரியைப் பொருத்தினால், அழுத்தம் கூடும்போது கருவி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணரியை வடிகட்டிக்குப் பின்னால் பொருத்தியிருந்தால், வடிகட்டி அடைத்துக்கொண்டபோதும் கருவி வேகத்தைக் கூட்டி அழுத்தத்தைச் சரிக்கட்டும். அடைப்பு வெளியே தெரியாது. எனவே வடிகட்டியின் இருபுறமும் அழுத்தமானிகளைப் பொருத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.5 கிலோவைத் தாண்டினால் வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

மோட்டார் எரிவதைத் தடுக்க

1. ஓவர்லோடு ரிலே: ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியர் அளவுக்கே வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே காயில் இணைப்பில் இருந்தால் அந்த அளவில் 58 சதமே வைக்க வேண்டும். தகட்டில் 14 ஆம்பியர் என்றிருந்தால் ரிலே 8.1 ஆம்பியரில் இருக்க வேண்டும். ரிலே அடிக்கடி விழுகிறது என்று திருகைக் கூட்டி வைப்பது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை உடைப்பதைப் போன்றது.

2. சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டர்: ஓடும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால், மற்ற இரு கம்பிகளில் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்கோ அதற்கு மேலுமோ உயரும். இந்த வெப்பத்தை காயில் நெடுநேரம் தாங்காது. கண்டென்சர் வைத்து இரண்டு ஃபேஸில் ஓட்டுவதற்காக இக்கருவியை நீக்கிவிடும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

3. வறட்டு ஓட்டத் தடுப்பான்: கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரின் ஆம்பியர் குறையும். இதை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் கருவி இது. ஓவர்லோடு ரிலே இந்நிலையில் உதவாது.

4. ஆட்டோ ஸ்டார்ட்டர்: மின்சாரம் வந்தவுடன் ஊரில் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் தாழ்ந்துவிடும். பக்கத்து உழவர்களுடன் கலந்து பேசி, ஆளுக்கு ஒரு நிமிடம் முன்பின்னாகத் தாமதம் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

உயிர்ப் பாதுகாப்பு

ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள மோட்டார் எந்த நொடியிலும் கிளம்பலாம். எனவே மின்சாரம் இல்லாத வேளையிலும், மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்ட பிறகே பம்பைத் தொட வேண்டும். கிணற்றில் இறங்க வேண்டும்.

மாறுவேகக் கருவியை அணைத்த பின்னும் அதனுள் உயர்ந்த வோல்டேஜ் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அதன் மீது குறிப்பிட்டுள்ள நேரம் வரை, குறைந்தது பத்து நிமிடமாவது பொறுத்து, பயிற்சி பெற்ற மின்பணியாளர் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூரிய சக்தி பம்புகளில் வெயில் உள்ளவரை தகடுகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கலாகாது. எர்த் இணைப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கருவியை வாங்குமுன்

மோட்டாரின் குதிரை சக்தியை மட்டுமின்றி ஆம்பியர் அளவையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். கருவிக்கும் மோட்டாருக்கும் இடையே கண்டென்சர் இருந்தால் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் கருவி பழுதாகும். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கேபிள் நீளமாக இருப்பதால், மோட்டாரின் காப்பைக் காக்கும் ஃபில்டர் தேவையா என்று கேட்டறிய வேண்டும். கருவியை வெயில், தூசி, பல்லி, எலி அண்டாதபடி காற்றோட்டமுள்ள பெட்டியில் பொருத்த வேண்டும்.

மின்கட்டணம் செலுத்தத் தேவையில்லாத இணைப்பு பெற்றுள்ள சிறு உழவர், வாய்க்கால் பாசனம் மட்டும் செய்பவராயின், மாறுவேகக் கருவிக்குச் செலவிட வேண்டியதில்லை. ரிலே, சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டர், வறட்டு ஓட்டத் தடுப்பான், நல்ல எர்த் ஆகிய நான்கையும் முதலில் சரி செய்துகொள்வதே சிறந்தது. பல பகுதிகளாகச் சொட்டுநீர்ப் பாசனம் செய்வோர் மாறுவேகக் கருவியால் நற்பயன் பெறலாம். சூரிய சக்தி பம்பில் இத்தகைய கட்டுப்பாடு அதன் கருவியிலேயே அமைந்துள்ளதால் தனியே வாங்க வேண்டியதில்லை. உழவர் பெருமக்கள் தம் கிணற்றின் ஆழத்தையும் தேவையையும் அறிந்து, ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுத்து, மோட்டாரையும் பயிரையும் காத்துப் பயனடைய வேண்டும்.