வலிப்பும் மாத்திரையும்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முந்திய வாரம், விடுதி உணவுக்கூடத்தில் நான் விழுந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். நம்மவர் ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாராம். வடநாட்டு நண்பர் ஒருவர் தம் தோல் செருப்பை என் மூக்கருகே பிடித்தாராம். இரும்பும் தோலும் ஒன்றும் செய்யவில்லை. வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானே நின்றது. பெரும்பாலும் அஃது அப்படித்தான் நிற்கும். 'பட்டினி மயக்கம்' என்று மறுநாள் பேச்சு எழுந்தது. நான் அதை மறுக்கவில்லை. இப்பொழுது மறுக்கிறேன்.

பதினாறாம் வயது முதல் நான் பெனிட்டாயின் மாத்திரை உண்பவன். மூன்று ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. குணமாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிட்டேன். அறைத்தோழர் முன் மாத்திரையை எடுக்கக் கூச்சம் என்பதும் உண்மை. 'வெளியே சொல்லாதே' என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள், திருமணக் கவலை. அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. அடிக்கடி வலிப்பு வருவோரின் திருமணத்துக்குத் தடையாயிருந்த சொல், இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் விழுந்தேன். வேதியியல் முதுகலை பயில்பவன் செய்த காரியம் இது!

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் பெருந்தொகையானவை கட்டுக்கடங்காமல் ஒருசேரத் துடிப்பதே வலிப்பு. சோடியம் அயனிகள் நரம்பணுவுக்குள் பாய்வதால் துடிப்பு எழுகிறது. அவை நுழையும் வாயில் ஒருமுறை திறந்து அடைபட்டபின் சிறிது நேரம் திறவாது. அந்த நிலையிலேதான் பெனிட்டாயின் வாயிலைப் பற்றிக்கொண்டு, அதன் ஓய்வை நீட்டிக்கிறது. ஆகவே ஓயாமல் திறக்கும் வாயில்களே மிகுதியாகச் சிக்கும். நிதானமாகத் துடிக்கும் நரம்பணுக்களுக்கு அவ்வளவு இடையூறில்லை. படிக்கப் படிக்க வியப்பாயிருந்தது எனக்கு.

1857இல் புரோமைடும் 1912இல் பீனோபார்பிட்டாலும் இந்நோய்க்கு வந்தன. இரண்டும் தூக்கத்தையும் தந்தன. 1908இல் ஜெர்மானியர் பில்ட்ஸ் ஆக்கிய பெனிட்டாயின் தூக்க மருந்தன்று. பாஸ்டனில் மெரிட், பட்னம் இருவரும் பூனைகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பூட்டி அதைச் சோதித்து, பின் நோயாளருக்குக் கொடுத்து, 1938இல் முடிவை வெளியிட்டனர். மந்தமாகாமலே வலிப்பை அடக்கலாம் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. பிறகு வேறு மருந்துகள் பல வந்துள்ளன. எல்லார்க்கும் ஒன்றே பொருந்துவதில்லை.

ஆனால் மாத்திரை, வலிப்பு எழும் இயல்பை மாற்றுவதில்லை. உடலில் உள்ளவரை தடுத்து நிற்கும், அவ்வளவே. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பும் வரலாம். சிலருக்கு நிறுத்த முடியும், ஆனால் மருத்துவர் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவார். பெனிட்டாயினை நாமே கூட்டுவதும் தீங்கு. கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகத்துக்கு எல்லை உண்டு. அது தாண்டினால் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மிகுதியாக ஏறித் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் உண்டாகும்.

என் மாத்திரை அட்டை இப்பொழுது மேசைமேல்தான் இருக்கிறது. இனி நான் விழுந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டா. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாவிக்கொத்து உரியவரிடமே இருக்கட்டும்.