பெர்ட் வில்லியம்ஸைப் பார்க்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸே கறுப்பினத்தவர். அவர் ஏன் எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு நடித்தார், தன் மக்களையே இழிவுபடுத்தும் அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒதுக்க வேண்டாம்.

1874-இல் பஹாமாஸின் நாசோ நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர் அவர். அது பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் ஒரே மாலையில் அடுத்தடுத்து வரும் வோட்வில் மேடைகளின் காலம். வெள்ளையர்கள் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து பழக்கிவைத்திருந்த பார்வையாளர்கள் முன்னால் பிழைக்க, கறுப்பரும் அதே கரியைப் பூச வேண்டியிருந்தது. கூட்டாளி ஜார்ஜ் வாக்கர் மிடுக்காக உடுத்தி வருவார். வில்லியம்ஸ் கரி முகத்தோடு, எதைத் தொட்டாலும் தோற்பவராக வருவார். 1903-இல் இருவரும் நடித்த 'இன் டஹோமி' இசைநாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. எழுதியவர்களும் நடித்தவர்களும் கறுப்பினக் கலைஞர்களே. அதே ஆண்டு லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் நடித்துக்காட்டினார்கள்.

வாக்கர் நோயில் விழுந்த பிறகு, 1910-இல் வில்லியம்ஸ் பிராட்வே தயாரிப்பாளர் சீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சியில் சேர்ந்தார். கறுப்பரோடு மேடையேற மாட்டோம் என்று சக நடிகர்கள் சிலர் மிரட்டினார்கள். சீக்ஃபெல்ட் மசியவில்லை. அங்கே அவர் நட்சத்திரமானார்.

1916-இல் வந்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' குறும்படத்தின் கடைசிக் காட்சியை மட்டுமாவது பாருங்கள். சூதாடியதற்காகச் சிறையில் தனியாக இருக்கிறார். சீட்டு இல்லை, காசு இல்லை, எதிரே ஆளும் இல்லை. வெறும் விரல்களால் சீட்டைப் போடுகிறார், எடுத்துப் பார்க்கிறார், பந்தயம் வைக்கிறார், எதிராளிகளை ஓரக்கண்ணால் அளக்கிறார். கற்பனை ஆட்டத்திலும் தோற்றுப்போகிறார்! கரி அவர் மேல் திணிக்கப்பட்டது; அந்த விரல்கள் அவருடையவை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். படத்தை ஒதுக்கினால் திணித்தவர்களுக்கு ஒன்றும் நேராது, விரல்கள்தான் மறைந்துபோகும்.

அப்படி ஒரு படம் ஏறக்குறைய மறைந்தே போனது. 1913-இல் ஏராளமான கறுப்பின நடிகர்களோடு அவர் நடித்த படத்தைப் பயோகிராஃப் திரைப்பட நிறுவனம் முடிக்கவே இல்லை. அதன் நெகடிவ் சுருள்கள் 1939-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. பொதுமக்கள் பார்க்கக் கிடைத்தது 2014-இல்தான். அதில் கரி பூசியிருப்பவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் சொந்த முகத்தோடு சிரிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், குடைராட்டினத்தில் சுற்றுகிறார்கள். அந்தக் காலத் திரையில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்ப்பதே அரிது.

1922 பிப்ரவரியில் டெட்ராய்ட் மேடையில் சரிந்து விழுந்தார். அதுவும் வேடிக்கை என்று நினைத்து அரங்கம் சிரித்தது. மார்ச் 4 அன்று இறந்தார், வயது 47.

முதலில் சீட்டாட்டக் காட்சி, பிறகு 1913 படம் என்ற வரிசையில் பாருங்கள். பார்த்த பிறகும் ஒதுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், காரணத்தை விரிவாக எழுதுங்கள், கவனமாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்