பஞ்சுத் தூசும் கணினிப் பேழையும்

நுழையும்முன்

கணினி என்றதும் குளிரூட்டிய அறையும் தூய மேசையும் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இன்று தூசும் வெப்பமும் ஈரமும் சூழ்ந்த ஆலைகளிலும் கணினி இரவுபகலாகப் பணிபுரிகிறது. அங்கு அதனைக் காக்கும் முறை யாது? அக்காவல் யாருக்கெல்லாம் பயன்பட வேண்டும்?

மலையடிவாரத்து நூற்பாலைகள்

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்த பேரூர் ராயகிரி. அதற்கு வடக்கே உள்ள இராசபாளையம், நூற்பாலைகளால் பெயர்பெற்ற நகரம். அங்கு 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை ஒன்றை நிறுவினார். அக்காலத்தில் அறுந்த இழையைக் கண்டறிந்தது தொழிலாளியின் கண். அதனை இணைத்தது அவர்தம் விரல். இன்று நூலின் தடிமனை மின்னணு உணர்விகள் அளக்கின்றன. எந்தக் கதிரில் எத்தனை முறை இழை அறுந்தது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. அக்கணினி பழுதுற்றால் நூலின் தரத்தை உடனுக்குடன் அறிவது கடினமாகும்.

தூசு, வெப்பம், ஈரம்

பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும்போது நுண்ணிய இழைகள் காற்றில் பறக்கின்றன. கணினியின் விசிறி காற்றை உள்ளிழுக்கும்போது அவ்விழைகளும் உடன் நுழைகின்றன; வெப்பம் வெளியேற்றும் தகடுகளின்மீது மெத்தைபோல் படிகின்றன. வெப்பம் வெளியேற வழியின்றிக் கருவி சூடேறுகிறது. பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் இடர் இரட்டிப்பாகிறது.

ஈரத்தை முற்றிலும் நீக்கவும் இயலாது. காற்று உலர்ந்தால் இழை அறும், நிலைமின்னும் தோன்றும். எனவே, நூற்கும் பகுதியில் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு வரை வைத்திருப்பர். நூலுக்கு நன்மை தரும் ஈரம், தூசுடன் சேர்ந்து மின்சுற்றின்மீது படிந்தால் அரிப்புக்கும் மின்கசிவுக்கும் இடமளிக்கிறது.

காக்கும் முறைகள்

தூசு புகாத எஃகுப் பேழைக்குள் கணினியை வைப்பது முதல் வழி. ஆயினும், முழுவதும் மூடிய பேழைக்குள் கணினியின் வெப்பமே அதற்குப் பகையாகும். ஆதலால், விசிறியற்ற, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கணினியைத் தேர்ந்தெடுப்பர். அன்றி, வெளிக்காற்று உட்காற்றுடன் கலவாமல் வெப்பத்தை மட்டும் வெளியேற்றும் வெப்பமாற்றியைப் பேழையில் பொருத்துவர். மின்னழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்க யுபிஎஸ்ஸும் முறையான நில இணைப்பும் தேவை.

கருவியைக் காப்பதில் மனிதரின் பழக்கத்திற்கும் பங்குண்டு. அவசரத்தில் திறந்த பேழைக் கதவை மூட மறந்தால் அனைத்தும் வீணாகும். அழுத்தக் காற்றைப் பாய்ச்சித் தூய்மை செய்தால் தூசு மேலும் உட்புகும். மின்னிணைப்பைத் துண்டித்தபின் உறிஞ்சுகருவியால் தூசை அகற்றுவதே நன்று.

தெரிந்து தெளிவோம்

பேழையின் காப்புத்திறனை ‘ஐபி’ என்னும் பன்னாட்டுக் குறியீட்டால் குறிப்பர். ‘ஐபி 65’ என்பதில் 6, தூசு அறவே நுழையாது என்பதைக் காட்டும். 5, பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும்.

பேழைக்கு வெளியே

பேழைக்குள் கணினி பாதுகாப்பாக இயங்குகிறது. வெளியே நிற்கும் தொழிலாளி அதே தூசுக்காற்றைச் சுவாசிக்கிறார். பஞ்சுத் தூசால் நுரையீரலில் தோன்றும் நோயைப் ‘பிசினோசிஸ்’ என்பர். வார விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகுவது இதன் தொடக்க அறிகுறி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதனைத் தொழில்சார் நோய்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது.

தூசு தோன்றும் இடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்றும் அமைப்பு, கருவியையும் மனிதரையும் ஒருங்கே காக்கிறது. பேழை கணினியை மட்டுமே காக்கும். தூய காற்றோ ஆலை முழுவதையும் காக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள ஆலை அல்லது பட்டறை ஒன்றில், கருவிகளையும் தொழிலாளர்களையும் தூசிலிருந்து காக்கும் முறைகளைக் கேட்டறிந்து ஒப்பிட்டு எழுதுக.